பெயரில்லாத கடையில் கட்டிய ஆய்வேடு: திருப்பாதிரிப்புலியூரில் ஒரு தட்டச்சு, பைண்டிங் நிலையம்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ரயில் நிலையத்துக்கும் பாடலீசுவரர் கோயிலுக்கும் இடைப்பட்ட ஒரு சிறு தெருவில், 'ஜெராக்ஸ், டி.டி.பி., பைண்டிங்' என்ற மூன்று சொற்களை மட்டும் தாங்கிய பலகையுடன் ஒரு மாடிக் கடை இருக்கிறது. கடைக்கு வேறு பெயர் கிடையாது. கேட்டால் உரிமையாளர் அந்தப் பலகையைத்தான் காட்டுகிறார். என் முனைவர் பட்ட ஆய்வேடு தட்டச்சாகி, மூன்று முறை மெய்ப்புப் பார்க்கப்பட்டு, ஐந்து படிகளாகக் கட்டப்பட்டு வெளியே வந்தது இங்கேதான். பதினான்கு மாதங்கள் அந்த மாடிப்படிகளில் ஏறி இறங்கியிருக்கிறேன். நடுவயதில் வேலையை விட்டுவிட்டு இலக்கிய ஆய்வுக்கு வருகிற ஒருவர் இக்கடையிடம் எதை ஒப்படைக்கலாம், எதைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதைச் சொல்வதற்காகவே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். கல்லூரியிலிருந்து நேராக ஆய்வுக்கு வரும் இளையோர் பலருக்கு இது தேவைப்படாது. அவர்கள் தமிழைக் கைபேசியிலேயே தட்டச்சு செய்து பழகியவர்கள்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் 22 ஆண்டுகள் பணியாற்றியவள். பழைய ஓய்வூதியத் திட்டத்தில் இருப்பவர்கள், 20 ஆண்டுத் தகுதிப் பணியை முடித்திருந்தால், மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து ஓய்வூதியத்துடன் விலகிக்கொள்ளலாம். 2010 ஏப்ரல் முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குத் திட்டமே வேறு என்பதால் அவர்கள் கணக்கும் வேறாகத்தான் இருக்கும். அந்த வழியில் 2019-இல் வெளியே வந்தேன். அடிப்படையில் வணிகவியல் படித்தவள். வேலையில் இருந்தபடியே தொலைநிலைக் கல்வியில் முதுகலைத் தமிழ் படித்து, ஆய்வுப் பதிவுக்கு வேண்டிய 55 விழுக்காட்டைப் பெற்றிருந்தேன். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்குச் சலுகையோடு 35. எனக்கோ அப்போது 46. எனவே நூலகத்துக்குப் போகும் பேருந்துக் கட்டணம் முதல் கடைசிப் படியின் அட்டை வரை ஒவ்வொரு ரூபாயும் ஓய்வூதியத்திலிருந்தே போயாக வேண்டும் என்ற நிலையில்தான் எந்தக் கடையின் படியிலும் கால் வைத்தேன். இந்த மதிப்பீட்டில் விலையைப் பற்றி அடிக்கடி பேசினால் அது வங்கிக்காரியின் பழக்கம் மட்டுமன்று என்பதைப் படிப்பவர்கள் புரிந்துகொள்வார்கள்.

என் ஆய்வுப் பொருளைச் சற்று விரிவாகச் சொல்லாவிட்டால் கடையின் நிறைகுறைகள் விளங்கமாட்டா. நான் எடுத்துக்கொண்டது கலம்பகங்களில் வரும் சித்து என்னும் உறுப்பு. கலம் என்றால் 12, பகம் என்றால் அதில் பாதியான 6, இரண்டும் சேர்ந்து 18 உறுப்புகள் என்று பெயருக்கே கூட்டல் கணக்குச் சொல்லப்படும் சிற்றிலக்கிய வகை அது. தெய்வத்தைப் பாடினால் 100, அரசரைப் பாடினால் 90, அமைச்சரைப் பாடினால் 70, வணிகரைப் பாடினால் 50 என்று பாட்டுடைத் தலைவரின் தகுதி பார்த்துப் பாடல் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டும் பாட்டியல் நூல்களை முதன்முதலாகப் படித்தபோது, கடன் உச்சவரம்பு பற்றிய தலைமையகச் சுற்றறிக்கையை மறுபடி கையில் எடுத்தது போலவே இருந்தது. சித்து என்பது, இரும்பையும் செம்பையும் பொன்னாக்கித் தருவோம் என்று இரசவாதிகள் வீறு பேசும் பகுதி. நகைக்கடன் பிரிவில், மதிப்பீட்டாளரின் உரைகல்லில் விழும் கோட்டைப் பார்த்துப் பார்த்தே ஆண்டுகளைக் கழித்தவளுக்கு அந்தப் பாடல்கள் பிடித்துப்போனதில் வியப்பில்லை. திருப்பாதிரிப்புலியூருக்கே தொல்காப்பியத் தேவர் பாடிய ஒரு கலம்பகம் இருக்கிறது. அந்த ஊரிலேயே அதைப் பற்றிய இயலைத் தட்டச்சுக்குக் கொடுக்கப் போகிறேன் என்று முதலில் நான் எண்ணியிருக்கவில்லை.

முதலில் போனது புதுச்சேரியில் வேறொரு கடைக்கு. அங்கே குளிரூட்டிய அறை, தேநீர், வரவேற்புக்கு ஓர் ஆள் என எல்லாம் இருந்தன. என் கையெழுத்துப் படியை வாங்கிப் பார்க்காமலேயே, "தலைப்பு மட்டும் சொல்லுங்க மேடம், சினாப்சிஸ்ல இருந்து பைண்டிங் வரைக்கும் நாங்க பாத்துக்கறோம்" என்றார் அங்கிருந்தவர். ஒன்றரை லட்சம் ரூபாய், மூன்று தவணை. வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் பதிவு செய்தவர்களும், என்னைப் போல் வேலையை விட்டு வந்தவர்களும்தாம் அவர்களுக்கு நல்ல வாடிக்கையாளர்கள் என்பது அவர் பேச்சிலிருந்தே தெரிந்தது. கையில் பணமும் மனத்தில் அச்சமும் ஒருசேர இருப்பவர்கள் நாங்கள்தானே! ஒப்புமைச் சோதனையில் சிக்காதபடி பிறர் எழுத்தைச் சொல் மாற்றித் தருவதும் அந்தத் தொகையில் அடக்கமாம். இரவல் நகையைத் தன்னுடையது என்று சொல்லி அடகு வைக்க வருகிறவர்களை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவோம் என்று எங்கள் கிளையில் பெருமை பேசிக்கொள்வோம். அன்று அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

திருப்பாதிரிப்புலியூர்க் கடையின் உரிமையாளர் அதற்கு நேர்மாறானவர். அறுபதைக் கடந்தவர், ஈய எழுத்துகளைக் கையால் கோத்த காலத்து அச்சகத்தில் தொழில் பழகியவர். என் கையெழுத்துப் படியின் முதல் ஆறு பக்கங்களை நின்றபடியே படித்துவிட்டு, மூன்று இடங்களில் ஒற்று விடுபட்டிருப்பதைக் காட்டி, அதற்குப் பிறகுதான் விலையைச் சொன்னார். எழுதித் தருவீர்களா என்று சோதனைக்காகக் கேட்டுப் பார்த்தேன். "எழுதிக் குடுத்தா அப்புறம் வாயால கேக்கும்போது யாரும்மா பதில் சொல்றது?" என்றார். வாய்மொழித் தேர்வைத்தான் சொன்னார். அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. இக்கடையைப் பற்றி நான் சொல்லப்போகும் குறைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு பதிலோடு சேர்த்தே எடை போட வேண்டும்.

முதல் குறை, எழுத்துரு. கடையின் வழக்கம் பாமினி. திருமண அழைப்பிதழும் துண்டறிக்கையும் அச்சிடுவதற்கு அது போதும், ஆய்வேட்டுக்குப் போதாது. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பு உண்மையில் ஆங்கில எழுத்துகளையும் அரைப்புள்ளிகளையும்தான் சேமித்து வைத்திருக்கிறது. எழுத்துரு என்னும் முகமூடி இருக்கும் கணினியில் மட்டுமே அது தமிழாகத் தெரியும். முகமூடி இல்லாத கணினியில் திறந்தால் அரைப்புள்ளி மழை. முனைவர் பட்டம் வழங்கப்படுவதற்கு முன் ஆய்வேட்டின் மின்படி காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்துக்குப் போய், சோத்கங்கா களஞ்சியத்தில் எல்லாரும் படிக்கும்படி ஏற்றப்பட வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அங்கே யாராவது 'சித்து' என்று தமிழில் தேடினால் பாமினி ஆய்வேடு கண்ணில் படாது. பழைய முறையில் ஏற்றப்பட்ட ஆய்வேடுகளை இயல் இயலாகத் திறந்து, கண்ணால் துழாவித் தேடிய அனுபவம் எனக்கு உண்டு. இன்னொருவருக்கு அந்தத் தண்டனையை என் ஆய்வேடு கொடுக்கக்கூடாது என்று நினைத்தேன்.

ஆனால் இதை நான் உணர்ந்தது முதல் இரண்டு இயல்கள், 118 பக்கங்கள், பாமினியில் தட்டச்சாகி முடிந்த பிறகு. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றித் தருவதாகக் கடையில் சொன்னார்கள், மாற்றியும் தந்தார்கள். மாற்றியபின் வந்த பிழைகள் வேறு வகையானவை. பாமினியில் துணைக்காலும் ரகரமும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால், தட்டச்சு செய்பவர் வேகத்தில் ஒன்றுக்கு மற்றொன்றை அழுத்தியிருப்பார். தாளில் அது தெரியாது, மாற்றியதும் தெரியும். ஔகாரக் குறி வர வேண்டிய இடங்களில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் தனித்தனியே நிற்கும். 'கௌ' என்று தேடினால் கிடைக்காது, 'கெள' என்று தேடினால் கிடைக்கும். 118 பக்கங்களில் இவற்றைத் திருத்தப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அதன்பின் கடையில் தட்டச்சு செய்யும் பெண்ணிடமே தமிழ்99 விசைப்பலகையைக் கற்றுக்கொண்டேன். உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்யெழுத்துகள் பெரும்பாலும் வலக்கைக்கும் வரும்படி அமைந்த அந்த முறை, 1999-இல் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றது. மூன்று வாரப் பயிற்சி போதுமானதாக இருந்தது. மீதி இயல்களை நானே வீட்டில் ஒருங்குறியில் தட்டச்சு செய்து கொண்டுபோனேன்; அவற்றின் பக்க அமைப்பு மட்டும் கடையில் நடந்தது. தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்தே அந்தப் பெண் கற்றுக்கொடுத்தது இக்கடையின் நிறைகளில் சேர வேண்டியது. வாடிக்கையாளர் கேட்டால் தொடக்கத்திலிருந்தே ஒருங்குறியில் தட்டச்சு செய்யவும் அவர்களுக்குத் தெரியும். ஆனால் கேட்க வேண்டும், தாமாகச் சொல்லமாட்டார்கள்.

இரண்டாவதாக, செய்யுள். கடையின் உண்மையான திறமையும் அதன் பெரிய ஆபத்தும் வெளிப்பட்டது இதில்தான். கலம்பகத்தில் வெண்பா, கட்டளைக் கலித்துறை, விருத்தம், தாழிசை எனப் பல யாப்பு மாறி மாறி வரும். கணினியின் போக்கில் விட்டால் பக்கத்தின் இரு ஓரத்தையும் சமமாக்குகிறேன் என்று அது சீர்களுக்கு நடுவே கண்டபடி இடைவெளி விட்டு, ஓசையைக் கெடுத்துவிடும். உரிமையாளர் இதை நான் சொல்வதற்கு முன்பே அறிந்திருந்தார். விருத்தத்தின் ஒரு நீண்ட அடி தாளின் அகலத்தில் அடங்காதபோது, மடங்கிய பாதியை உள்தள்ளி வைத்தார். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லுக்கு முன் சிறு கோடிட்டுப் பிரித்துக் காட்டினார். ஒரே பாடலின் நான்கு அடிகளும் இரண்டு பக்கங்களில் உடைந்து நிற்காதபடி பார்த்துக்கொண்டார். முகப்பில் ஆளுக்கு ஒரு கணினியும் சுழல் நாற்காலியும் வைத்திருக்கும் கடைகளில் இந்த அறிவை எதிர்பார்க்க முடியாது.

ஆபத்தும் அந்த அறிவிலிருந்தே வந்தது. சித்துப் பாடல்களின் உயிர் சிலேடையில் இருக்கிறது. வெள்ளி என்றால் உலோகமும் ஆகும், கோளும் ஆகும். பொன் என்றால் தங்கமும் ஆகும், வியாழனும் ஆகும். இவை தனிச் சொற்கள், ஆகவே தட்டச்சில் தப்பிவிடும். சொற்கள் புணர்ந்து இரண்டு விதமாகப் பிரியும் இடங்கள்தாம் சிக்கலானவை. ஒரு பேச்சுக்கு நானே அமைத்த எடுத்துக்காட்டைச் சொல்கிறேன்: 'செம்பொன்றாதே' என்று ஒட்டி எழுதினால், செம்பொன் தாதே என்று பிரித்துப் பொன்னின் கனிமம் என்றும் கொள்ளலாம், செம்பு ஒன்றாதே என்று பிரித்துச் செம்பு கலவாது என்றும் கொள்ளலாம். நகைக்குள் செம்பு கலந்திருக்கிறதா என்று பார்ப்பவளுக்கு இரண்டுக்கும் நடுவில்தான் முழு வழக்கும் இருக்கிறது. ஆனால் படிப்பவர்களுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நல்லெண்ணத்தோடு, என் மூன்றாம் இயலில் இருந்த 43 பாடல்களிலும் உரிமையாளர் சொற்களைப் பிரித்து வைத்துவிட்டார். ஒவ்வோரிடத்திலும் இரண்டு பொருளில் ஒன்று செத்துப்போயிற்று. இலக்கணப்படி அவர் பிரித்தவற்றில் ஒன்றுகூடத் தவறில்லை. அதனாலேயே முதல் இரண்டு மெய்ப்புகளில் என் கண்ணிலும் அது படவில்லை. மூன்றாம் மெய்ப்பில், சிலேடையை விளக்கும் என் பத்தியையும் அதற்கு மேலே இருந்த பாடலையும் அடுத்தடுத்துப் படித்தபோது, நான் விளக்கும் சிலேடை பாடலில் இல்லாமல் போயிருப்பதைக் கண்டு திகைத்தேன். அந்த நிலையில் ஆய்வேடு தேர்வாளரிடம் போயிருந்தால், இல்லாத சிலேடையை இருப்பதாகச் சொல்கிறாள் என்றே அவர் குறித்திருப்பார்.

சொன்னதும் உரிமையாளர் வாதாடவில்லை. பாடல்களை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். இரண்டு இடங்களில் சிரித்தும்விட்டார். பின்பு, பழைய பதிப்புகளில் இருந்ததைப்போல் மூலத்தைப் புணர்ச்சி கெடாமல் மேலே வைத்து, பிரித்த வடிவங்கள் இரண்டையும் கீழே சிறிய எழுத்தில் தரலாம் என்று அவரே ஒரு வழி சொன்னார். என் நெறியாளருக்கும் அந்த அமைப்புப் பிடித்திருந்தது. 43 பாடல்களையும் மறுபடி அமைக்க ஒன்பது நாள் பிடித்தது; அதற்குப் பணம் வாங்கவில்லை. ஆயினும் இதை நான் குறையாகவே எழுதுகிறேன். மூலப் பாடலில் கைவைக்கும் பழக்கம் உள்ள கடைக்கு இலக்கிய ஆய்வாளர் எவரும் முதல் நாளிலேயே எழுத்தில் ஒரு கட்டளை கொடுத்துவிட வேண்டும்: மேற்கோளுக்குள் ஓர் ஒற்றைக்கூடச் சேர்க்கவோ நீக்கவோ கூடாது, பிழைபோலத் தோன்றினால் பென்சிலால் ஓரத்தில் குறித்தால் போதும். என் சொந்த உரைநடையில் அவர் சேர்த்த வல்லின ஒற்றுகளுக்கு நான் நன்றியுடையவள். பாடபேதங்களை, அதாவது ஒரே பாடல் படிக்குப் படி வேறுபடும் இடங்களை, ஆராய்கிறவர் ஒருவர் இதே கடைக்குப் போயிருந்தால், பேதங்கள் அனைத்தும் ஒன்றாகத் திருத்தப்பட்டு ஆய்வுக்கே வேலையில்லாமல் போயிருக்கும்.

அடிக்குறிப்பு எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அவற்றை மென்பொருளின் தானியங்கு வசதியில் போடாமல் கையாலேயே தட்டச்சு செய்யும் வழக்கம் இக்கடையில் இருக்கிறது. நான்காம் இயலின் தொடக்கத்தில் ஒரு குறிப்பைப் புதிதாகச் சேர்த்தபோது, அதற்குப் பின்னால் இருந்த 61 எண்களையும் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதாயிற்று. உள்ளடக்கப் பக்கத்தின் எண்களும் அப்படியே. இவ்விரண்டையும் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. இணையத்தில் பார்த்து ஒரே மாலையில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான்.

ஒப்புமைச் சோதனையை இக்கடை செய்வதில்லை. அதை நான் குறையாகக் கருதவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60-ஐத் தாண்டினால் பதிவே நீக்கப்படும். உரிய முறையில் சுட்டப்பட்ட மேற்கோள்களும், துணைநூற்பட்டியலும், பொருளடக்கமும், தொடர்ந்து 14 சொற்கள் வரையிலான பொதுவழக்குத் தொடர்களும் கணக்கிலிருந்து விலக்கப்படும். செய்யுளையே மூலமாகக் கொண்ட என்னைப் போன்றவர்களுக்கு இந்த விலக்கு இல்லாவிட்டால் பாடல்களே வரம்பைத் தாண்டிவிடும். இந்தச் சோதனையைப் பதிவு செய்த நிறுவனத்தின் நூலகம் வழியாக மட்டுமே செய்துகொள்ள வேண்டும். அச்சேறாத ஆய்வேட்டை எங்கோ ஓர் இணையதளத்தில் ஏற்றிப் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லும் கடைகளில், ஏற்றியது பின்னர் யாருடைய பெயரில் வெளிவரும் என்று கேட்பதற்கு இடமில்லை. உரிமையாளரிடம் ஒருமுறை இதைக் கேட்டேன். "அது லைப்ரரி வேலைம்மா" என்று சொல்லி முடித்துவிட்டார்.

பைண்டிங் வேலையில் இக்கடைக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். ஆய்வேட்டின் தாள்கள் தனித்தனியானவை; பள்ளி நோட்டுப்போல மடித்து நடுவில் தைக்க இயலாது. ஆகவே இடப்பக்க ஓரத்தில் துளையிட்டு, நூலால் பக்கத்தையல் போட்டு, அதன்மேல் அட்டையும் ரெக்சினும் ஒட்டுகிறார்கள். தையலும் பசையும் தாளில் ஏறத்தாழ அரை அங்குலத்தை விழுங்கிவிடும். இடப்பக்கம் மட்டும் ஒன்றரை அங்குலம் ஓரம் விட வேண்டும் என்று துறைகள் வற்புறுத்துவதன் காரணம் எனக்கு அங்கே அவர் துளையிடுவதைப் பார்த்தபோதுதான் புரிந்தது. நான் வீட்டில் தட்டச்சு செய்த இயல்களில் எல்லாப் பக்கமும் ஓர் அங்குலமே விட்டிருந்தேன். அச்சிடுமுன் அவர் கண்டுபிடித்துச் சரிசெய்திராவிட்டால் ஒவ்வோர் அடியின் முதல் எழுத்தும் தையலை நெருங்கிப் போய்ப் படிக்கச் சிரமமாகியிருக்கும். தாள் 85 ஜி.எஸ்.எம். பாண்ட், பின்பக்க எழுத்து தெரியாத தடிமன்.

முதுகில் பொன்னிற எழுத்தைச் சூடான அச்சால் பதிக்கிறார்கள். அது பொன் அன்று. மெல்லிய அலுமினியப் பூச்சின்மேல் மஞ்சள் வண்ணம் ஏற்றிய தகட்டுத்தாள். அலுமினியம் பொன்னாகும் அந்தக் காட்சியை, சித்துப் பாடல்களைப் பற்றிய ஆய்வேட்டின் முதுகிலேயே பார்க்க நேர்ந்தது எனக்கு மட்டும் வேடிக்கையாக இருந்தது. அடுத்த வாடிக்கையாளர் ஒரு பொறியியல் மாணவர், அவர் அவசரத்தில் இருந்தார். எழுத்துப் பதிவில் ஒரே ஒரு தவறு நேர்ந்தது. ஐந்து படிகளில் ஒன்றில் ஆண்டு தலைகீழாகப் பதிந்துவிட்டது. அந்த அட்டையை உரித்து, வேறொன்று போட்டுத் தந்தார்.

செலவுக் கணக்கு இது. முதல் இரண்டு இயல்களின் தட்டச்சு, 118 பக்கத்துக்குப் பக்கம் 30 ரூபாய் வீதம் 3,540. முழு ஆய்வேட்டின் பக்க அமைப்பு, 312 பக்கத்துக்குப் பக்கம் 10 ரூபாய் வீதம் 3,120. மூன்று மெய்ப்புப் படிகள், பக்கம் ஒன்றரை ரூபாய் வீதம் 1,404. ஐந்து இறுதிப் படிகளின் அச்சு, பக்கம் 2 ரூபாய் வீதம் 3,120. கட்டுக்கூலி, படி ஒன்றுக்கு 350 வீதம் 1,750. ஆக மொத்தம் 12,934 ரூபாய். புதுச்சேரிக் கடை கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அங்கே விற்றது வேறு பொருள் என்பதால் ஒப்பிடுவது முறையன்று. ரசீது கேட்டால்தான் கிடைக்கும், அதுவும் துண்டுத்தாளில். 22 ஆண்டுகள் சீட்டில்லாமல் ஒரு ரூபாய்கூட நகராத இடத்தில் இருந்தவளுக்கு இது உறுத்தலாகத்தான் இருந்தது. கணக்கை என் குறிப்பேட்டில் எழுதி, ஒவ்வொரு முறையும் அவரிடம் ஒப்பம் வாங்கிக்கொண்டேன். முதல் முறை விசித்திரமாகப் பார்த்தார். பிறகு நான் படியேறும்போதே பேனாவை எடுத்து வைத்துக்கொள்ளத் தொடங்கினார்.

வசதிக் குறைவுகளும் உண்டு. மாடிப்படி செங்குத்தானது, கைப்பிடி ஒரு பக்கம் மட்டுமே இருக்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் கீழே நின்று குரல் கொடுத்தால் அந்தப் பெண் இறங்கி வந்து வாங்கிக்கொள்கிறார். மணிக்கணக்கில் உட்கார்ந்து மெய்ப்புப் பார்க்க முக்காலி ஒன்றுதான். பெண்கள் நெடுநேரம் இருப்பதற்கான கழிப்பறை வசதி கிடையாது. நான் மெய்ப்புத் தாள்களை வாங்கிக்கொண்டு கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து திருத்துவதை வழக்கமாக்கிக்கொண்டேன். கடைக் கணினிகளில் வைரஸ் நிரந்தரக் குடியிருப்பு; அங்கே செருகிய பென் டிரைவை வீட்டுக் கணினியில் அப்படியே செருகினால் கோப்புகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறி நிற்கும். மின்னஞ்சலில் அனுப்பி, மின்னஞ்சலிலேயே திரும்பப் பெறுவது பாதுகாப்பு. கல்லூரிகளில் செய்முறைத் தேர்வும் திட்ட அறிக்கைகளும் நடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இங்கே எந்த வேலையும் சொன்ன நாளில் முடியாது. முழுநேர ஆய்வாளருக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, கூடியது ஆறு ஆண்டு, பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுச் சலுகை என்று விதியில் தாராளமாகவே காலம் இருக்கிறது. ஆனால் கடைசி இரண்டு மாதத்தை யாரும் தாராளமாக வைத்துக்கொள்வதில்லை, நானும் வைத்துக்கொள்ளவில்லை.

வேலையை விட்டு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு இக்கடையைப் பரிந்துரைப்பேனா என்றால், பரிந்துரைப்பேன். ஆனால் கடைசியில் போகாதீர்கள், முதல் இயல் முடிந்தவுடன் போங்கள். அலுவலகத்தில் நாம் சொன்னால் கடிதத்தைத் தட்டச்சு செய்யவும், கோப்பில் கோக்கவும், தவறு இருந்தால் திருத்தவும் வேறு ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பழக்கத்தில் வந்த நான், சொல்லிவிட்டால் நடந்துவிடும் என்று முதல் மூன்று மாதம் நம்பிக்கொண்டிருந்தேன். 118 பக்கப் பாமினியும் 43 பாடல்களும் அந்த நம்பிக்கையின் விலை. இங்கே உங்கள் பக்கத்தில் நீங்கள் பார்க்காததை வேறு யாரும் பார்க்கமாட்டார்கள். அல்லது, அந்தப் பெரியவர் பார்த்து, உங்களைக் கேட்காமல் திருத்திவிடுவார்.

இலக்கணமும் யாப்பும் தெரிந்த ஒருவர் அமைத்த பக்கம் வேண்டுமென்றால் இங்கே போகலாம். அறிவியல் குறியீடுகள், வண்ண வரைபடங்கள், அட்டவணைகள் நிறைந்த ஆய்வேடு என்றால் வேறு இடம் பாருங்கள். எனக்கு முன்னால் நின்ற பொறியியல் மாணவரின் வரைபடம் ஒன்று மூன்று முறை கோணலாகவே வந்ததைப் பார்த்தேன். கடைக்கு ஞாயிறு விடுமுறை. மற்ற நாட்களில் பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை மூடியிருக்கும். உரிமையாளர் கைபேசியை எடுப்பதில்லை, படியேறித்தான் போக வேண்டும். மெய்ப்புப் பார்க்கப் போகிறவர்கள் ஒரு பென்சிலும், உட்காருவதற்கு விரித்துக்கொள்ள ஒரு பழைய செய்தித்தாளும் எடுத்துக்கொண்டு போவது நல்லது.